அமெரிக்கா போகும் அப்பா அம்மாவுக்கு எந்த டிக்கெட்? சௌகரியமா, சீக்கிரமா?

கேள்வி: தங்கையின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, மூட்டு வலி இரண்டும் உண்டு. இரவில் மூன்று நான்கு முறை பாத்ரூம் போவார். அம்மாவுக்கு 63, இதுதான் முதல் விமானப் பயணம். மூன்று டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். துபாய் வழி என்றால் மொத்தம் 22 மணி நேரம், நடுவில் ஒன்றரை மணி நேரம்தான் இடைவெளி. ஃப்ராங்க்ஃபர்ட் வழி என்றால் 25 மணி நேரம். அங்கே 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஆளுக்கு 18,000 ரூபாய் அதிகம். மூன்றாவது, டெல்லி வரை உள்நாட்டு விமானத்தில் தனி டிக்கெட், அங்கிருந்து நேர் விமானம். எதை எடுப்பது?
வாசகர், மடிப்பாக்கம்

பதில்: ஃப்ராங்க்ஃபர்ட் வழியை எடுங்கள். பணம் இடிக்கிறது என்றால் துபாய் வழியே போகட்டும், ஆனால் இந்த ஒன்றரை மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட் வேண்டாம். டெல்லி யோசனையை விட்டுவிடுங்கள்.

டிக்கெட் தேடும் தளங்கள் எல்லாமே மொத்தப் பயண நேரத்தைத்தான் பெரிதாகக் காட்டும். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியும். துபாய் வழியில் சென்னையிலிருந்து முதல் கட்டம் ஏறத்தாழ 4 மணி நேரம், அடுத்தது ஏறத்தாழ 16. ஃப்ராங்க்ஃபர்ட் வழியில் முதல் கட்டம் ஏறத்தாழ 10, அடுத்தது 11 சொச்சம். முட்டி வலி உள்ளவருக்கு 16 மணி நேரத்தின் கடைசி ஐந்து மணி நேரம்தான் நரகம். பத்தாவது மணியில் இறங்கி, கழிவறை போய், முகம் கழுவி, நீளமான நடைபாதையில் நாலு நடை நடந்துவிட்டு ஏறுபவருக்கு அந்த நரகம் இல்லை.

தூக்கக் கணக்கும் இருக்கிறது. சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. அதிகாலையில் துபாய்க்கு ஏறினால், விமானம் மேலே போய் நிதானமாகி, சாப்பாடு வந்து, தட்டை எடுத்து, விளக்கை அணைக்கும்போது இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். கண் அசரும்போது இறங்கச் சொல்வார்கள். அந்த இரவு முழுக்கப் போயிற்று. 10 மணி நேரக் கட்டத்தில் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் ஐந்தாறு மணி நேரம் கண்ணை மூட முடியும்.

உட்கார்ந்த இடத்திலேயே படுத்த மாதிரி தூங்கிவிடும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பொருந்தாது. 16 மணி நேரக் கட்டம்தான் அவர்களுக்கு லாபம். இரவில் பலமுறை எழுந்திருக்கும் உங்கள் அப்பா அந்த ரகம் இல்லை.

ஒன்றரை மணி நேரம் ஏன் போதாது

விமான நிறுவனம் விற்கிறது என்பதாலேயே அந்த இடைவெளி உங்கள் வீட்டுக்குப் போதும் என்று ஆகிவிடாது. வேகமாக நடக்கும், வழி கேட்கத் தெரிந்த பயணியை வைத்து அந்தக் குறைந்தபட்ச நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். வீல்சேர் கேட்டவரைப் பொதுவாகக் கடைசியில்தான் இறக்குவார்கள். அதற்கே அரை மணி நேரம் ஆகலாம். பிறகு மறுபடியும் பாதுகாப்புச் சோதனை. பிறகு ரயிலோ பஸ்ஸோ பிடித்து வேறு கட்டடம். அமெரிக்கா போகும் விமானங்களுக்கு கேட்டிலேயே கூடுதல் சோதனை இருப்பதுண்டு; விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஆட்களை உள்ளே எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சென்னையில் 40 நிமிடம் தாமதம் என்றால் கணக்கு முடிந்தது. வீல்சேர் பயணிக்கு 3 முதல் 4 மணி நேரம் சரியான இடைவெளி. 7 மணி நேரத்தைத் தாண்டினால் காத்திருப்பே தண்டனையாகிவிடும். அப்படித்தான் அமைகிறது என்றால் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் ஓட்டலில் அறை போடுங்கள். துபாயிலும் தோஹாவிலும் குடியேற்றச் சோதனையைத் தாண்டாமலேயே போய்ப் படுக்கலாம்.

வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். தள்ளிப்போட்டாலும் 48 மணி நேரத்துக்கு முன்னால் பதிவாகியிருக்க வேண்டும். மூன்று வகை உண்டு. படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். இருக்கை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. அப்பாவுக்கு எது என்று அவரையே கேட்டுப் பதிவு செய்யுங்கள். கௌரவம் பார்த்து முதல் வகையைச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் இறக்கிவிடும் இடத்தில் விமானப் படிக்கட்டைப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய. வீல்சேருக்குத் தனிக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்பது பலர் செய்யும் தந்திரம். அவர் நன்றாக நடப்பவர் என்றால் அது தேவையில்லை. கூடவே நடந்து போகலாம், பிரிக்க மாட்டார்கள்.

டெல்லி வழியில் என்ன சிக்கல்

நேர் விமானம் என்ற பெயர்தான் கவர்ச்சி. சிக்கல் தனித்தனி டிக்கெட்டில் இருக்கிறது. அமெரிக்க டிக்கெட்டில் பொதுவாக ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு. உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோ. 46 கிலோவோடு மீனம்பாக்கம் கவுன்ட்டருக்குப் போனால் மீதி 31 கிலோவுக்குக் கிலோக் கணக்கில் பணம் கட்ட வேண்டும்; இருவருக்கும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் மிச்சம் பிடித்தது காலி. டெல்லியில் பெட்டிகளை எடுத்து, டெர்மினல் மாறி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். சென்னை விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. வராத பயணி என்று எழுதிவிடுவார்கள், திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகலாம். ஒரே பி.என்.ஆர். என்றால் இந்த மூன்று தொல்லையும் இல்லை: பெட்டி கடைசி ஊர் வரை போகும், சர்வதேச டிக்கெட்டின் எடை அளவே எல்லாக் கட்டத்துக்கும் செல்லும், விட்ட விமானத்துக்குப் பதில் இன்னொன்றில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் விமானங்கள் சில, சுற்றிப் போய், வழியில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. நேர் விமானம் என்று காசு கொடுப்பதற்கு முன், கடந்த சில வாரங்களில் அந்த விமானம் உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று விமானங்களைக் கண்காணிக்கும் செயலி ஒன்றில் பாருங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற டிரான்சிட் விசா வேண்டாம். ஆனால் ஃப்ராங்க்ஃபர்ட், பிறகு மியூனிக் என்று ஷெங்கன் நாடுகளுக்குள் (ஒரே பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகள்) இரண்டு விமான நிலையம் வரும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். அது ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்கு, முழு விசா கேட்பார்கள்.

அதேபோல் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கி மாறும் மலிவு டிக்கெட்டும் வேண்டாம். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதல்முறை போகும் அம்மாவுக்கு அது வேண்டாத பரீட்சை. நியூயார்க், சிகாகோ போகும் வாசகர்கள் அபுதாபி வழியைப் பார்க்கலாம். அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள். இறங்கும் ஊரில் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வரலாம்.

இருக்கை, சாப்பாடு, கால்

விமான வகையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். டிக்கெட் விவரத்திலேயே இருக்கும். போயிங் 777-இல் வரிசைக்குப் பத்து இருக்கை போட்டிருந்தால் அகலம் ஏறத்தாழ 17 அங்குலம். ஏர்பஸ் ஏ350-இல் ஒன்பது, அகலம் ஏறத்தாழ 18. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். தோள் இடிக்குமா இடிக்காதா என்பது அதில்தான். ஏ330, ஏ340 என்றால் ஓரத்தில் இரண்டு இரண்டு இருக்கை, தம்பதிகளுக்கு அதைவிட நல்லது கிடையாது. போயிங் 787-உம் ஏ350-உம் உள்ளே காற்றழுத்தத்தை ஏறத்தாழ 6,000 அடி உயர அளவில் வைக்கின்றன; பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். தலைவலியும் அசதியும் சற்றுக் குறைவது அதனால்தான்.

அப்பாவுக்கு நடைபாதை ஓர இருக்கை, பேச்சே இல்லை. அம்மாவுக்கு நடுவில் கொடுக்காமல், அதே பாதையின் எதிர்ப்பக்க ஓர இருக்கையைக் கொடுங்கள். இருவருமே யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம். கடைசி வரிசை சாயாது, கழிவறை வாசலும் அங்கேதான். அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு, ஆனால் வீல்சேர் கேட்டவரை அங்கே உட்கார விடமாட்டார்கள். சுவருக்கு எதிர்வரிசையில் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் மாட்டுவார்கள்; கைப்பிடியும் தூக்க முடியாது.

பிரீமியம் எகானமிக்கு ஆசை இருந்தால் நீளமான கட்டத்துக்கு மட்டும் எடுங்கள். வரிசைகளுக்கு இடையே எகானமியில் 31, 32 அங்குலம் என்றால் அதில் ஏறத்தாழ 38. இதில் ஒரு கண்ணி உண்டு: சென்னைக்கு வரும் விமானத்தில் அந்த வகுப்பே இல்லாமல் இருந்தால், முழுப் பயணத்துக்கும் அந்தப் பெயரைப் போட்டுவிட்டு முதல் கட்டத்தை எகானமியில் உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வகுப்பு என்னவென்று தனித்தனியாகப் பாருங்கள்.

சைவம் என்றால் ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டைக் கேளுங்கள். ‘ஹிந்து மீல்’ என்று பெயரைப் பார்த்து எச்.என்.எம்.எல். கேட்டால் அசைவம் வரும். சர்க்கரைக்காரருக்கான டி.பி.எம்.எல். சைவமாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏ.வி.எம்.எல். வாங்கி இனிப்பை ஒதுக்குவதே மேல். விமான நேரத்தை நிறுவனம் மாற்றினால் சாப்பாடு, இருக்கை, வீல்சேர் மூன்றும் பதிவிலிருந்து காணாமல் போவது சகஜம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி சரிபாருங்கள். கையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டு போகலாம். தயிர், தொக்கு, ஊறுகாய் எல்லாம் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத் தொட்டிக்குப் போகலாம். மிச்ச இட்லியை இறங்குவதற்குள் சாப்பிட்டுவிடட்டும். கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் அமெரிக்காவுக்குள் வேண்டாம்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான், பதற வேண்டாம். மணிக்கு ஒருமுறை குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைக்கட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கட்டும். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் இந்த ஒரு நாள் விடச் சொல்லுங்கள். முட்டிக்குக் கீழ் வரும் அழுத்தக் காலுறையில் 15 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் போதும். ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்திருந்தாலோ காலில் ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

மேற்கே போகும்போது அந்த நாள் வழக்கத்தைவிட 12 மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக நீளும்; மாத்திரை நேரம் குழம்பும் இடம் இதுதான். பயணம் முடியும்வரை எந்த மாத்திரை எப்போது என்று டாக்டரிடம் சென்னை நேரத்தில் எழுதி வாங்குங்கள். அப்பாவின் கைக்கடிகாரத்தை வழியில் மாற்ற வேண்டாம். மருந்து முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு இருக்கட்டும். இன்சுலின் போடுபவர் என்றால் அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, அடியில் உறைந்து கெட்டுவிடலாம்.

திரும்பி வரும் தேதியை மாற்ற எவ்வளவு கட்டணம் என்று இப்போதே பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பிரசவத்துக்குப் போகிறவர்கள் போட்ட தேதியில் திரும்புவது அபூர்வம்; மலிவான ரகக் கட்டணத்தில் அந்த மாற்றத்துக்குக் கட்டும் பணம், இப்போது நீங்கள் யோசிக்கும் 18,000 ரூபாயைத் தாண்டிவிடக் கூடும்.