பானெட்டைத் திறந்தால்: மாஸ்டா கேள்விகள்

கேள்வி: சின்ன வயதில் நான் போன பள்ளி வேனின் முகப்பில் 'ஸ்வராஜ் மாஸ்டா' என்று எழுதியிருக்கும். அது ஜப்பான் மாஸ்டாதானா? அப்படியென்றால் அவர்களுடைய கார் ஏன் இங்கே விற்பனைக்கு வரவில்லை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அதே மாஸ்டாதான். 1980களில் சின்ன லாரி செய்ய ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர நம் ஆட்கள் வரிசைகட்டி நின்றார்கள். டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிஸான், எய்ஷர் மிட்சுபிஷி, அப்புறம் இந்த ஸ்வராஜ் மாஸ்டா. பஞ்சாப் டிராக்டர்ஸ், மாஸ்டா, ஜப்பான் வர்த்தக நிறுவனமான சுமிட்டோமோ மூன்றும் சேர்ந்த கூட்டு அது. மாஸ்டா பின்னாளில் விலகிக்கொண்டது. 2011-ல் கம்பெனியின் பெயரே எஸ்எம்எல் இசுஸு என்று மாறியது.

கார் வராததற்கு நான் நினைக்கும் காரணம் எளியது. உலகம் முழுக்க மாஸ்டா ஒரு வருஷத்தில் விற்பது 12, 13 லட்சம் கார்தான். நம் மாருதி ஒரு கம்பெனியே அதைவிட அதிகம் விற்கிறது. இந்தியாவில் குறைந்த விலைச் சின்னக் காரை லட்சக்கணக்கில் தள்ளத் தெரிந்தால்தான் பிழைக்க முடியும். மாஸ்டாவுக்கு அந்த ஆட்டம் எப்போதும் வந்ததில்லை.

கேள்வி: மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனே கிடையாது என்கிறார்கள். பிஸ்டன் இல்லாமல் எப்படி ஓடும்? நல்ல இன்ஜின் என்றால் மற்றவர்கள் ஏன் செய்யவில்லை? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

பதில்: நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய நீள்வட்ட அறை. அதற்குள் பக்கங்கள் சற்றே உப்பிய ஒரு முக்கோண ரோட்டர். ரோட்டரின் மூன்று முனையும் எப்போதும் அறைச் சுவரைத் தொட்டபடியே சுற்றும். அதனால் சுவருக்கும் ரோட்டருக்கும் நடுவில் மூன்று இடைவெளிகள் உருவாகி, சுற்றச் சுற்றப் பெரிதாகிச் சிறிதாகும். ஓர் இடைவெளி காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும்போது அடுத்தது அழுத்திக்கொண்டிருக்கும், மூன்றாவது எரிந்து புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும். வால்வு இல்லை, வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் இல்லை, மேலும் கீழும் குதிக்கும் பாகமே இல்லை. ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் மூன்று சுற்று. அதனால்தான் அந்தச் சத்தம் வழுவழுவென்று ஏறிக்கொண்டே போகும்.

இதை மாஸ்டா கண்டுபிடிக்கவில்லை. ஃபெலிக்ஸ் வாங்கல் என்ற ஜெர்மானியரின் யோசனை; என்எஸ்யு என்ற கம்பெனி உருவாக்கியது. மாஸ்டா 1961-ல் உரிமம் வாங்கியது. வாங்கியதற்கு அரசியலும் ஒரு காரணம். கார் கம்பெனிகள் அதிகமாகிவிட்டன, சின்னவற்றைப் பெரியவற்றோடு இணைக்கலாம் என்று ஜப்பான் அரசு நினைத்த காலம் அது. தனியாக நிற்க வேண்டுமானால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருக்க வேண்டும்.

'ஏன் மற்றவர்கள் செய்யவில்லை' என்று கேட்டால், செய்து பார்த்தார்கள். மெர்சிடிஸ், ஜெனரல் மோட்டார்ஸ், டொயோட்டா, நிஸான் எல்லாரும் உரிமம் வாங்கியவர்கள்தான். எல்லாரும் மாட்டிக்கொண்ட இடம் ஒன்றே: ரோட்டரின் முனையில் செருகியிருக்கும் ஏபெக்ஸ் சீல். பிற்கால மாஸ்டா இன்ஜினின் சீல் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். 80 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன், பட்டறை இரும்பு ஸ்கேலை உடைத்துப் போட்ட துண்டு மாதிரி இருக்கும். மூன்று இடைவெளிகளையும் பிரித்து வைப்பதே அதுதான். பிஸ்டன் ரிங்குக்காவது அதே சூழலில் ஏறி இறங்கும் வேலை. இது நெருப்பிலும் குளிர் காற்றிலும் மாறி மாறி உரசிக்கொண்டே ஓட வேண்டும்.

ஆரம்ப காலத்தில் இந்த சீல் அதிர்ந்து அதிர்ந்து, அறையின் குரோம் பூச்சில் வரிவரியாகக் கீறிவிடும். அதற்கு மாஸ்டாக்காரர்கள் வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'. கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளரின் கீழ் 47 பேர் இதற்காகவே ஒதுக்கப்பட்டார்கள். மாட்டு எலும்பில்கூட சீல் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றால் எந்த அளவுக்குத் தவித்திருப்பார்கள் பாருங்கள். கடைசியில் கார்பனில் அலுமினியத்தை ஊடுருவச் செய்த சீல் வேலை செய்தது. 1967 மே மாதம் மாஸ்டாவின் முதல் ரோட்டரி கார் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் என்எஸ்யு தன் ரோட்டரி கார் ரோ 80-ஐ வெளியிட்டது. சீல் தேய்ந்து, இலவசமாக இன்ஜின் மாற்றிக் கொடுத்தே நொடித்துப்போய், 1969-ல் வோக்ஸ்வேகன் கைக்குப் போனது. தாய்வீடே கைவிட்ட பிள்ளையை மாஸ்டா வளர்த்தது.

குறை என்ன? எரியும் அறை நீளமாக, ஒல்லியாக, நகர்ந்துகொண்டே இருக்கும். தீ மூலைவரை போவதற்குள் பெட்ரோல் கொஞ்சம் எரியாமலே வெளியே போய்விடும். பெட்ரோல் செலவும் அதிகம், புகையும் அதிகம். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது மாஸ்டா கிட்டத்தட்ட மூழ்கியது. சுமிட்டோமோ வங்கிதான் தூக்கிவிட்டது. 1979-ல் ஃபோர்டு பங்கு வாங்கியது. இத்தனைக்கும் நடுவில் மாஸ்டா இந்த இன்ஜினை விடவில்லை. 1978-ல் ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் வந்து நன்றாக விற்றது. ஆர்எக்ஸ்-8 காரின் உற்பத்தி 2012-ல் நின்றபின், 2023-ல் எம்எக்ஸ்-30 மின்சாரக் காரில் 830 சிசி ஒற்றை ரோட்டர் திரும்ப வந்திருக்கிறது. சக்கரத்தைச் சுற்றாது, பேட்டரிக்கு மின்சாரம் மட்டும் கொடுக்கும். அமைதியாக ஓடும் வேலை. இந்த இன்ஜினுக்கு 60 வருஷம் முன்பே இப்படி ஒரு வேலை கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: மாஸ்டா தொழிற்சாலை ஹிரோஷிமாவில் இருக்கிறது. அணுகுண்டில் அது அழியவில்லையா? (வாசகி, மதுரை)

பதில்: பெருமளவு தப்பித்தது. தொழிற்சாலை நகரத்துக்கு வெளியே ஃபுச்சுவில், குண்டு விழுந்த மையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. நடுவில் ஹிஜியாமா என்ற குன்று மறைத்தது. 1945 ஆகஸ்ட் 6 நிறுவனத் தலைவர் ஜுஜிரோ மட்சுடாவின் 70-வது பிறந்தநாள். காலையிலேயே நகரத்துக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு சீக்கிரம் கிளம்பியதால் அவர் உயிர் தப்பினார். ஊழியர்களில் பலர் அப்படித் தப்பவில்லை.

நகரத்தில் இருந்த மாகாண அரசு அலுவலகம் அழிந்துபோனதால் மாகாண நிர்வாகமே கொஞ்ச காலம் தொழிற்சாலைக் கட்டடத்தில் நடந்தது. அதே வருஷம் டிசம்பரில் மூன்று சக்கர லாரி உற்பத்தி மறுபடி தொடங்கியது. ஊரைச் சீர்செய்யச் சாமான் ஏற்ற வண்டி வேண்டுமே. 1920-ல் தக்கை செய்ய ஆரம்பித்த கம்பெனி 1931-ல் முதலில் செய்த வாகனமும் மூன்று சக்கர லாரிதான்.

கேள்வி: பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லே மான்ஸ் கார் ரேஸில் மாஸ்டா ஜெயித்ததால்தான் ரோட்டரி இன்ஜினைத் தடை செய்தார்களாமே, உண்மையா? (வாசகர், கோவை)

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லை. 3.5 லிட்டர் பிஸ்டன் இன்ஜின்தான் இருக்க வேண்டும் என்ற விதி முன்பே முடிவானது. 1991 ரோட்டரிக்குக் கடைசி வாய்ப்பு என்று தெரிந்தே மாஸ்டா போனது. மெர்சிடிஸ், ஜாகுவார் கார்கள் 1,000 கிலோ சுமக்க, தன் 787பி ரேஸ் காருக்கு 830 கிலோ போதும் என்று சலுகையும் வாங்கிக்கொண்டது. முன்னால் ஓடிய மெர்சிடிஸ் ஞாயிற்றுக்கிழமை சூடேறி நின்றது. ஆரஞ்சு-பச்சை 55-ம் நம்பர் கார் 362 சுற்று ஓடி முதலாவதாக வந்தது. கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றிச் சுருண்டுவிட்டதால் பரிசு மேடைக்கே வரவில்லை. அடுத்து ஒரு ஜப்பான் கம்பெனி அங்கே ஜெயிக்க, 2018-ல் டொயோட்டா வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: நண்பர் தன் பழைய ஆர்எக்ஸ்-8 காரைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? (வாசகர், ஷார்ஜா)

பதில்: குறைந்த விலைக்கு ஏன் தருகிறார் என்று கேட்டீர்களா? வாங்குவதற்கு முன் இன்ஜின் சூடான நிலையில் கம்ப்ரஷன் சோதனை, அதாவது அறைக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்ற சோதனை, செய்யச் சொல்லுங்கள். சாதாரண கேஜ் உதவாது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். அது இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆக இழுத்தால், அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிவிட்டால் இரண்டு பழக்கம் வேண்டும். இந்த இன்ஜின் சீலுக்கு மசகாக எண்ணெயைத் தானே அறைக்குள் விட்டு எரிக்கும். அது கோளாறு இல்லை, ஆகவே பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். வண்டியை நிழலுக்கு நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்து உடனே அணைக்காதீர்கள்; பிளக் பெட்ரோலில் நனைந்து மறுபடி உயிர் வராது. சூடேறும்வரை ஓடவிட்டே அணையுங்கள். வீட்டுக்கு இது ஒரே வண்டி என்றால் வேண்டாம். பக்கத்தில் கொரோலா மாதிரி இன்னொரு சாதாரண கார் நிற்கிறதென்றால், டெஸ்டர் சரியென்று சொன்ன பிறகு வாங்குங்கள்.