பள்ளியில் வேதபாடம் இல்லையே!

கேள்வி: மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். தெருமுனையிலேயே நல்ல அரசுப் பள்ளி இருக்கிறது. மாமியாரோ, வேதபாடம் (பைபிள் வகுப்பு) நடத்தும் கிறிஸ்தவ மிஷன் பள்ளிதான் வேண்டும் என்கிறார். அதற்கு வேனில் ஒரு மணி நேரம் ஆகும். என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: தெருமுனைப் பள்ளியிலேயே சேருங்கள் அம்மா. நான் மிஷன் பள்ளியில் படித்தவள்தான். வேதபாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். பரீட்சை முடிந்த மறுநாளே வசனமெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பாயை விரித்து, அடுப்புக்கரி படிந்த விரலால் வரிவரியாகத் தொட்டு அம்மா பைபிளிலிருந்து வாசித்த சங்கீதம் 121, அறுபது வயதிலும் மனப்பாடம். அப்போஸ்தலர் பவுலின் சீடன் தீமோத்தேயுவின் தகப்பன் யூதனல்ல, கிரேக்கன். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்த வழியைப் பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் சொல்கிறார், பள்ளிக்கூடத்தை அல்ல.

வேனில் போகும் இரண்டு மணி நேரம் மிச்சமாகிறதே, அதில் பத்து நிமிடம் குடும்ப ஜெபத்துக்குப் போதும். நீட்டி முழக்காதீர்கள், குழந்தை தூங்கிவிடும். கதை சொல்லும் வேலையை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். தாவீது எறிந்த கல் ராட்சதன் கோலியாத்தின் நெற்றியில் பட்டதைப் பாட்டிபோல் எந்த ஆசிரியை நடித்துக் காட்டுவார்?