பால்கனியில் சோலார் பலகை: வீட்டு உரிமையாளர் மறுக்கலாமா?

கேள்வி: ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மின் பில்லைக் குறைக்க, சுவர் பிளக்கில் செருகும் இரண்டு சோலார் பலகைகளை வாங்கிவிட்டோம். கட்டடத்தின் அழகு கெடும் என்று ஒரே வரியில் எழுதி, வீட்டு உரிமையாளர் மறுத்துவிட்டார். சட்டம் நம் பக்கம்தானே, மாட்டிவிடலாம் என்கிறார் கணவர். மாட்டலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. சட்டம் உங்கள் பக்கம் என்பது உண்மை. ஆனாலும் இப்போதே மாட்டினால் அந்த பலத்தை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

ஜெர்மன் சிவில் சட்டத்தின் 554ஆம் பிரிவில் 2024 அக்டோபர் 17 முதல் இந்தக் கருவிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அந்தப் பிரிவு தருவது உரிமையாளரிடம் அனுமதி கோரும் உரிமை; கேட்காமல் மாட்டும் உரிமை அல்ல. மீறினால் கழற்றச் சொல்லி அவர் வழக்குப் போடலாம். நியாயம் உள்ள நீங்கள் பிரதிவாதியாக நிற்க நேரிடும்.

அதே சமயம், அவர் நினைத்தபடி மறுக்கவும் முடியாது. அவர் மறுக்க வேண்டுமானால், உங்கள் தேவையையும் கணக்கில் எடுத்த பிறகும், இந்த மாற்றத்தை ஏற்கச் சொல்வது நியாயமில்லை என்ற நிலை இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் பலகையின் எடையைத் தாங்காது, கட்டடம் பாரம்பரியச் சின்னம் என்பவை கனமான காரணங்கள். அழகு கெடும் என்ற ஒற்றை வரி போதாது என்பதே என் கருத்து.

ஆகவே மீண்டும் எழுதுங்கள், இம்முறை விவரமாக. பலகையின் அளவு, எடை, பொருத்தும் முறை, பால்கனியின் படம், பொறுப்புக் காப்பீட்டுச் சான்று (பிறருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டும் காப்பீடு) எல்லாவற்றையும் இணையுங்கள். வீடு மாறும்போது கழற்றித் தருவதாகச் சொல்லுங்கள். கூடுதல் முன்பணம் தர முன்வருவதற்கும் அதே பிரிவு இடம் தருகிறது. நான்கு வாரத்தில் எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தக் கட்டடத்தில் பல உரிமையாளர்கள் இருந்தால், உங்கள் வீட்டு உரிமையாளர் அந்த உரிமையாளர்களின் கூட்டத்தில் இதைக் கோர வேண்டியிருக்கும். அதற்கான உரிமையும் அதே நாளில் அவருக்குக் கிடைத்துவிட்டது. அப்போதும் மறுத்தால் உள்ளூர் வாடகைதாரர் சங்கத்தை அணுகுங்கள். அதற்குப் பிறகுதான் ஆம்ட்ஸ்கெரிக்ட் எனும் உள்ளூர் நீதிமன்றம்.

அனுமதி கிடைத்து மாட்டிய ஒரு மாதத்துக்குள் மார்க்ட்ஸ்டம்டாட்டன்ரெகிஸ்டர் எனும் அரசுப் பதிவேட்டில் இணையவழி பதியுங்கள். பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் 800 வாட்டைத் தாண்டக் கூடாது. மின் வலையமைப்பு நிறுவனத்துக்குத் தனியாக அறிவிக்கும் கடமை 2024 மே மாதத்தோடு நீங்கிவிட்டது. பின்னோக்கிச் சுழலக்கூடிய பழைய மீட்டர் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அதை மாற்றுவது மீட்டரை நடத்தும் நிறுவனத்தின் வேலை.