புது வண்டி, முதலாளி வண்டி: நாலு பேர் பார்க்க மானம் போனால் என்ன செய்வது? (கேள்வி பதில்)

கனரக வாகனம் ஓட்டப் பழக்குவது என் வேலை. அதற்கு முன் டீசல் பம்ப் பிரிக்கிற பட்டறையில் இருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதிதான்: ஒரு சின்னத் தவறு, சுற்றி ஆட்கள், அவசரத்தில் இன்னொரு காரியம். அந்த இரண்டாவது காரியத்தில்தான் பணமும் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது.

திருப்பூர், டெலிவரி ஓட்டுநர்: அண்ணே, கம்பெனி லோடு வண்டி டீசல். வீட்டில் பைக்குக்குப் போட்டுப் பழகின வாய், பங்க்கில் "பெட்ரோல்" என்று சொல்லிவிட்டேன். பாதி டேங்க் இறங்கிவிட்டது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்ததால் ஸ்டார்ட் பண்ணி ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினேன். பம்ப் போச்சு என்கிறார் முதலாளி. அவ்வளவு தூரம்கூட ஓட்டவில்லையே?

தம்பி, தூரம் கணக்கே இல்லை. இன்றைய டீசல் வண்டியில் காமன் ரயில் பம்ப், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் (அதுதான் ரயில்) டீசலைத் தள்ளும் பம்ப், ஆயிரம் பார் அளவுக்கு மேல் அழுத்தம் கொடுக்கிறது. அந்தப் பம்ப் தேயாமல் இருப்பதே டீசலின் எண்ணெய்ப் பசையால்தான். பெட்ரோல் அந்தப் பசையைக் கழுவிவிடும். இரும்போடு இரும்பு உரசும், உதிரும் துகள் ரயில் குழாய் வழியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் வரை போய்விடும். டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதிலிருப்பதை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுத்தால் பம்போடு சேர்த்து இன்ஜெக்டர், லைன் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். மினுமினுப்பு இல்லை என்றால் டேங்க், லைன் கழுவி, ஃபில்டர் மாற்றித் தப்பிக்க வாய்ப்பு உண்டு. பட்டறையில் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பான எண்ணெய் ஏறிவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். நிறைய வண்டிகளில் சாவி போட்டதுமே டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். பங்க் பையன்கள் கை கொடுப்பார்கள். ஹாரன் அடிக்கிறவன் அடித்துவிட்டுப் போகட்டும், பம்புக்கு அவன் காசு தரப்போவதில்லை.

மதுரை: டீசல் காரில் இரண்டே லிட்டர் பெட்ரோல். மேலே டீசல் நிரப்பி ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.

ஓட்டாதீர்கள். இறக்குங்கள். காரணம் மேலே இருக்கிறது.

ஓசூர், லாரி உரிமையாளர்: புது பிஎஸ்-6 லாரி. ஆட்ப்ளூவை டிரைவர் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டார்.

இது பெட்ரோலைவிட மோசம். ஆட்ப்ளூ என்பது புகையைச் சுத்தம் செய்ய, நீல மூடி போட்ட தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல், 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். டீசலோடு கலக்காது. லைனில் உப்பாகப் படியும், உலோகத்தை அரிக்கும். ஸ்டார்ட் பண்ணாமல் டேங்கை இறக்குங்கள். நீல மூடி எதற்கு என்று வண்டியைக் கையில் கொடுக்கும் அன்றே டிரைவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

சென்னை, ஆசிரியை: புது ஆட்டோமேட்டிக் கார். கோயில் வாசலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் ஏற்றும்போது பூக்கடைத் தட்டியில் இடித்துவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. பிரேக்தான் மிதித்தேன் என்று இன்னும் தோன்றுகிறது.

அப்படித்தான் தோன்றும் அம்மா. வண்டி எதிர்பாராமல் பாய்ந்ததும் கால் இருந்த இடத்திலேயே இன்னும் பலமாக அழுத்தும். 2025 செப்டம்பரில் டெல்லியில் இதே எலுமிச்சம்பழச் சடங்கின்போது ஒரு புது வண்டி ஷோரூம் முதல் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. ஆட்டோமேட்டிக்கில் பழம் ஏற்ற ஆக்ஸிலேட்டர் தேவையே இல்லை. பிரேக்கை மெல்லத் தளர்த்தினாலே வண்டி நகரும். குதிகாலைத் தரையில் பிரேக்குக்கு நேராக ஊன்றுங்கள், இடது கால் சும்மா இருக்கட்டும். எதிரில் கற்பூரத் தட்டோடு நிற்கிறவர்களை முதலில் பக்கவாட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

தாம்பரம்: மழைத் தண்ணீரில் சுரங்கப்பாதைக்குள் கம்பெனி கார் நின்றுவிட்டது. செல்ஃப் அடிக்கலாமா?

கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளியோ கட்டி இழுத்தோ வெளியே எடுங்கள். இன்ஜின் பாதுகாப்பு கூடுதலாகச் சேர்க்காத பாலிசியில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது.

நாமக்கல்: டிப்பர் பாடியை இறக்காமலே கிளம்பி ஊர் கேபிள் ஒயரை எல்லாம் அறுத்துவிட்டேன். தெருவே சிரித்தது.

கேபிளோடு போனதே பெரிய காரியம். கரண்ட் கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பட்டுவிட்டால் அவமானத்தில் சட்டென்று கீழே குதித்து ஓடிப்போய்ப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் சாவு. கேபினிலேயே உட்காருங்கள், யாரையும் கிட்டே வரவிடாதீர்கள், மின்வாரியம் லைனை நிறுத்தும் வரை இறங்காதீர்கள். தீப்பிடித்தால் மட்டும், இரண்டு பாதத்தையும் சேர்த்து, வண்டியைத் தொடாமல் குதித்து, கால் சேர்த்தபடியே தத்தித் தத்தி விலகுங்கள்.

விழுப்புரம்: சின்ன யானையில் பீரோ லோடு. ரயில்வே பாலத்தடியில் மாட்டிக்கொண்டது.

ரிவர்ஸில் முறுக்காதீர்கள். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பின்னால் எடுங்கள்.

ஈரோடு, வேன் ஓட்டுநர்: திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டேன். பாதி வழியில் பிரேக் கருகி புகை, கம்பெனி ஆட்கள் எல்லாம் இறங்கி நடந்தார்கள். தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

கொதிக்கிற பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடலாம். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத் தானாக ஆற விடுங்கள். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. நியூட்ரலில் மொத்த எடையையும் பிரேக் லைனிங் மட்டுமே தாங்குகிறது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்.

சங்ககிரி, லாரி ஓட்டுநர்: மன்னிக்கணும் ஐயா. நியூட்ரலில் டீசல் மிச்சம் என்பது எங்கள் அனுபவம். படிப்பில் வராது.

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இன்றைய இன்ஜினில், வண்டி கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். இன்ஜெக்டர் டீசலை முழுக்க நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்தே ஆக வேண்டும். மலை இறக்கத்தில் மிச்சம் கியரில்தான்.

கோவை, மெக்கானிக்: ஆனால் லேசான சரிவில் கியர் வண்டியை இழுத்துப் பிடிக்கும், மறுபடி மிதிக்க வேண்டி வருமே?

உண்மை. சமவெளிச் சரிவில் நியூட்ரலில் கொஞ்சம் கூடத் தூரம் உருளும். நான் பேசுவது மலை. மலையில் வேகத்தைக் குறைப்பதுதானே வேலை.

சங்ககிரி: இன்ஜினையே அணைத்துவிட்டால்?

தயவுசெய்து வேண்டாம். வேனில் ரெண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் இறுகும். லாரியில் கம்ப்ரஸர் ஓடாது, பிரேக்குக்கு வேண்டிய ஏர் ஏறாது.

கரூர்: ஐயா, டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டால்…

முதல் பதிலைப் படியுங்கள். சாவியைத் தொடாதீர்கள்.

தருமபுரி: கார் லைசென்ஸை வைத்து முதலாளியின் லோடு வண்டியை ஓட்டலாமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சங்ககிரி: கடைசியாக ஒன்று. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு நியூட்ரலில் இறங்கினால்?

ஒரு பயனும் இல்லை அண்ணே. எக்ஸாஸ்ட் பிரேக் புகைக் குழாயை அடைத்துப் பிடிப்பது இன்ஜினை. கியர் விழுந்திருந்தால்தான் இன்ஜின் சக்கரத்தைப் பிடிக்கும். மலை உச்சியில் செக்போஸ்ட் தாண்டியதும், சரிவு ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு லோடு லாரியில் கீழ் கியர் விழாது.