பொங்கல் விழாவில் பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 160 வீடுகள். காணும் பொங்கலன்று விழா நடத்துகிறோம். சென்ற ஆண்டு எலுமிச்சை கரண்டி ஓட்டம், சாக்கு ஓட்டம், இசை நாற்காலி, மாறுவேடம், உறியடி என்று வரிசையாக வைத்தோம். பாதியிலேயே ஒரே கூச்சல், அழுகை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வயது முதல் பதினேழு வயது வரை சுமார் 90 பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கென 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். காற்றடைத்த பலூன் கோட்டையை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள் சிலர். எப்படித் திட்டமிடுவது?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், மதுரை

பதில்: அழுகைக்குக் காரணம் உங்கள் நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கிறது. கரண்டி ஓட்டத்துக்கு நாற்பது பிள்ளைகள் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு எட்டுப் பேர். வரிசையில் நிறுத்தி, எலுமிச்சை வைத்து, ஓட்டி முடிக்கச் சுற்றுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். ஐந்து சுற்றுக்கு 25 நிமிடம். அதில் ஒரு பிள்ளை ஓடுவது அரை நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் வெயிலில் நிற்கிறது. இசை நாற்காலி இன்னும் மோசம்: முதலில் வெளியேறுகிற பிள்ளைதான் பெரும்பாலும் வயதில் சிறியது, விளையாட அதிகம் ஏங்குவதும் அதுதான். அதை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கச் சொல்கிறோம். அழாமல் என்ன செய்யும்?

அதனால் இந்த ஆண்டு போட்டிப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையும் காலும் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கேள்வி அதுவானால் விடையும் தானாக மாறும். ஒரே மேடையை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் நடக்கும் எட்டுப் பத்து விளையாட்டு இடங்களை வைப்பீர்கள். பிள்ளைகள் விரும்பிய இடத்துக்குப் போய், விரும்பும் வரை விளையாடிவிட்டு நகரட்டும். ஆளுக்கோர் அட்டை கொடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முத்திரை. ஆறு முத்திரை சேர்த்தால் பரிசு, அதுவும் எல்லோருக்கும் ஒரே பரிசு.

என்ன விளையாட்டுகள் என்று யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பொங்கலுக்குப் பொருத்தமானவை நம்மிடமே இருக்கின்றன, செலவும் குறைவு. பல்லாங்குழிக்குப் பலகைகூடத் தேவையில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் போட்டு, குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை வைத்தால் போதும். ஆடுபுலி ஆட்டத்துக்கு மூன்று புலி, பதினைந்து ஆடு. கூழாங்கல்லும் பாட்டில் மூடியும் போதும். நொண்டிக் கட்டம், பம்பரம், கோலி, தாயம், களிமண்ணில் பானையும் மாடும் செய்வது, கோலம் போடுவது எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலத்தைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்காதீர்கள். புள்ளி எண்ணிக் கோடு இழுப்பதில் பையன்கள் காட்டும் ஆர்வம் உங்களை வியக்க வைக்கும்.

இவற்றைக் கற்றுக்கொடுக்க வெளியாட்களைத் தேட வேண்டாம். உங்கள் 160 வீடுகளிலும் பல்லாங்குழி தெரிந்த பாட்டிகளும் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றத் தெரிந்த தாத்தாக்களும் இருப்பார்கள். விழா என்றால் அவர்களை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைப்பதுதான் வழக்கம். இம்முறை ஆளுக்கோர் இடத்தின் பொறுப்பைக் கொடுங்கள். சென்று அழைக்கும்போது, "அம்மா, வந்து சும்மா உட்காருங்கள்" என்று சொல்லாமல், "அம்மா, எங்கள் பிள்ளைகளுக்கு இதை நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும்" என்று கேளுங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனி இடம் வேண்டும், நிழலில், ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி. ஒரு மணல் குவியல், சில கிண்ணங்கள், விரித்த பாய், பெரிய தாளும் வண்ணக்கட்டியும் போதும். புளியங்கொட்டை, சோழி, கோலி, வெடித்த பலூன் துண்டு எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதே இடத்தின் ஒரு மூலையைச் சத்தம் பொறுக்காத பிள்ளைகளுக்கான அமைதி இடமாக விட்டுவைத்தால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் நம்பி வருவார்கள்.

பலூன் கோட்டை பற்றி என் கருத்து, வேண்டாம் என்பதே. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு பள்ளி விழாவில் இப்படிப்பட்ட கோட்டை காற்றில் தூக்கி எறியப்பட்டு ஆறு குழந்தைகள் இறந்தார்கள். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது ஐரோப்பியப் பாதுகாப்புத் தரவிதி. தரையில் ஆழமாக முளை அடித்துக் கட்ட வேண்டும். உங்கள் தளம் சிமெண்ட் என்றால் முளை அடிக்க எப்படி முடியும்? பெரிய பிள்ளைகளும் சிறிய பிள்ளைகளும் ஒன்றாக ஏறினால் காற்றே வேண்டாம், கை கால் உடைய அதுவே போதும். அந்த வாடகைப் பணத்தில் மண்பாண்டம் செய்பவர் ஒருவரைச் சக்கரத்தோடு வரவழைக்கலாம். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

எல்லோரும் கூடிப் பார்க்கும் போட்டிகளாக உறியடியையும் கயிறு இழுத்தலையும் மட்டும் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உறியடியில் தடியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் சுற்றிலும் கயிறு கட்டி, உள்ளே ஒரு பெரியவர் மட்டும் நிற்கட்டும். பானைக்குள் மிட்டாய் போடாதீர்கள். உடைந்ததும் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓட்டுத் துண்டுகளின் மேல் பாய்வார்கள். மஞ்சள் நீர் போதும், மிட்டாயைப் பிறகு கையில் கொடுங்கள். கயிறு இழுத்தலில் யாரும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. விரல் துண்டான சம்பவங்கள் உண்டு. நைலான் கயிறு வேண்டாம், கைக்கு அடங்கும் தடிமனான பருத்திக் கயிறு வாங்குங்கள்.

இனி, எட்டிப் பார்க்காத பெரிய பிள்ளைகள். பன்னிரண்டு வயதுக்கு மேல் சாக்கில் இறங்கிக் குதிக்கச் சொன்னால் வர மாட்டார்கள். வராததில் தப்பும் இல்லை. அவர்களுக்கு நிகழ்ச்சி வைக்க முயலாதீர்கள், நிகழ்ச்சியையே ஒப்படையுங்கள். ஒப்படைப்பது என்றால் நாற்காலி தூக்கச் சொல்வது அல்ல. 25,000 ரூபாயில் 6,000 ரூபாயை அவர்கள் கையில் கொடுத்து, மாலை ஒரு மணி நேரம் அவர்களுடையது என்று சொல்லிவிடுங்கள். கபடியா, சிலம்பமா, வினாடி வினாவா, பாட்டா, அதை அவர்களே முடிவு செய்யட்டும். கணக்கு மட்டும் எழுதிக் காட்ட வேண்டும். மற்ற நேரத்தில் விளையாட்டு இடங்களை நடத்துவது, அட்டையில் முத்திரை வைப்பது, ஒலிவாங்கியில் அறிவிப்பது, கபடிக்கு நடுவராக நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. அவர்கள் எடுத்த முடிவைச் சங்கக் கூட்டத்தில் மாற்றினால், அடுத்த ஆண்டு ஒருவரும் வர மாட்டார்கள். பெண் பிள்ளைகளும் கபடி ஆட விரும்பினால் அவர்களுக்கும் தனி ஆட்டம் உண்டு என்று முன்பே அறிவியுங்கள். கேட்டு வாங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள். காணும் பொங்கலன்று மெரினாவுக்கு வரும் குழந்தைகளின் கையில் சென்னைக் காவல்துறை பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் வெளியே தெரியும்படி குழந்தையின் பெயரை எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழியாகும். அடுத்தது, எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதானாலும் இருவராகப் போக வேண்டும். எத்தனை ஆண்டு பழகியவராக இருந்தாலும் இதில் விலக்கு வேண்டாம். முதலுதவிப் பெட்டி இருக்கும் இடத்தில் 108 (ஆம்புலன்ஸ்), 1098 (குழந்தைகள் உதவி எண்) ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். படங்களை வாட்ஸ்அப் குழுவில் பகிரும் முன் பெற்றோரைக் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் குடியிருப்பின் காவலாளிகள், தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள் ஆகியோரின் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழையுங்கள். அதே அட்டை, அதே பரிசு. அவர்களில் பலருக்குப் பம்பரமும் நொண்டியும் உங்கள் பிள்ளைகளைவிட நன்றாகவே வரும்.

தொடங்கும் நேரம் மாலை நான்கு மணி என்றால் சரியாக இருக்கும். ஜனவரி நடுவில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஆகவே ஓடியாடும் விளையாட்டுகளை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சு ஐந்து நிமிடம் போதும், அதுவும் பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு.

பெரிய பிள்ளைகளின் முதல் கூட்டத்தை அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே போட்டுவிடுங்கள். அதன் பின் உங்களுக்கு மூன்று வாரம் கிடைக்கும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருப்பவர்களுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அவர்களுக்கு விழா நாளில் மட்டும் ஒரு மணி நேர வேலை கொடுங்கள். முழுப் பொறுப்பையும் ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடுங்கள்.