பேஸ் கிட்டாரும் பென்ஷனும்

அன்புள்ள சார்,

வணக்கம். மெல்லிசை மேடைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பேஸ் கிட்டார் வாசிப்பவரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதை அப்படியே என் நண்பர்கள் இரண்டு பேருக்கு அனுப்பினேன். நாங்கள் மூவருமே ஒரு காலத்தில் பேஸ் வாசித்தவர்கள்.

நான் ரயில்வேயில் வேலை பார்க்கிறேன். வருகிற ஜூனில் ரிட்டயர்மெண்ட். 1986 முதல் வேலை கிடைக்கும்வரை ஆறு வருடம் வடசென்னையில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்தேன். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் கச்சேரி, மற்ற நாட்களில் கல்யாண ரிசப்ஷன். பிறகு குழுவுக்குப் புதுக் கீபோர்டு வந்தது. பாட்டுக்குக் கீழே ஓடும் கீழ்ச்சுரங்களை, அதாவது என் வேலையை, அதை வாசித்தவரின் இடது கையே பார்த்துக்கொண்டது. தங்கை கல்யாணச் செலவுக்காக பேஸை விற்றேன். அதற்குப் பிறகு தொடவில்லை.

போன வருடம் பழைய நண்பர்கள் இருவரும் கிடைத்தார்கள். ஒருவர் கோவையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் ஆவடியில் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார். தினமும் ராத்திரி போனில் பேசுகிறோம். எந்தப் பாட்டில் பேஸ் எங்கே இறங்கும், எந்த ஊர்க் கச்சேரியில் கரண்ட் போனது, இதுதான் பேச்சு. இப்போது ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு ஃபெண்டர் பேஸ் வாங்குவது, என் வீட்டு மாடியில் சத்தம் வெளியே போகாத ஒரு அறை கட்டுவது. என் செட்டில்மெண்ட் பணத்தில்தான் அறை. விற்ற பேஸைத் தேடிப் பிடிக்க முடியுமா என்றுகூட யோசிக்கிறேன்.

மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், "மூணு பேரும் பேஸ் வாசிச்சா பாட்டை யாருங்க வாசிப்பாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. காலையில் விரல்கள் மடங்க நேரமாகிறது. இந்த வயதில் இது சரிப்படுமா, சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
பெரம்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. திட்டத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

சரிப்படுமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சரிப்படும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் கிட்டார் இருக்கிறது, அறை இருக்கிறது, டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. பாடவும் ஆள் இல்லை. வேறெந்தக் கருவியாக இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். வீணை வாசிப்பவர் தனியாக உட்கார்ந்து ஒரு மாலை முழுக்க வாசிக்கலாம், கீபோர்டு வாசிப்பவரும் அப்படித்தான். பேஸ் அப்படியில்லை. ஜாகோ பஸ்டோரியஸ் போல அதைத் தனிக் கருவியாகவே பேச வைத்தவர்கள் உண்டு. அவருடைய முதல் தனி ஆல்பம் 1976-ல் வந்தபோது உலகத்துப் பேஸ்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நீங்களும் நானும் காதலித்த பேஸ் பாட்டுக்குக் கீழே ஓடுவது. மேலே பாட்டு இல்லாவிட்டால் அதற்கு வேலை இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கீபோர்டில் ஒருவர் ஸி மேஜர் என்ற கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்களை, பிடித்திருக்கிறார் என்று வையுங்கள். அவர் விரலை அசைக்கவே வேண்டாம். கீழே பேஸ் ஸி-யை விட்டு ஏ-வுக்கு இறங்கினால் போதும், அந்தக் கார்டு ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். சிரித்துக்கொண்டிருந்த இடம் ஒரு நொடியில் கலங்கிப்போகும். கூட்டத்தில் யாருக்கும் ஏன் என்று தெரியாது. பாடகரின் குரல்தான் உருக்கியது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மேடையில் அந்த ரகசியம் தெரிந்த ஆள் பேஸ்காரர். அந்தச் சந்தோஷத்துக்கு மேலே ஒருவர் கார்டு பிடித்தே ஆகவேண்டும்.

மூன்று பேரும் ராத்திரிதோறும் என்ன பேசுவீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பேஸ்காரர்களின் ஞாபகம் தனி ரகம். பாட்டைக் கேட்டால் மற்றவர்களுக்குப் பல்லவி ஞாபகம் வரும், உங்களுக்கு இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் முன் வரும் அந்த நாலு நோட்டு ஞாபகம் வரும். இளையராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நீங்கள். அப்புறம் ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். பெரும்பாலான காசெட் உறைகளில் பேஸ்காரரின் பெயர் இருக்காது, ஆனால் மேடையில் வாசித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். உலகம் முழுக்க இதே கதைதான். டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் எத்தனையோ ஹிட் பாடல்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் வாசித்தார். ஆண்டுக்கணக்கில் அவர் பெயர் இசைத்தட்டு உறைகளில் வரவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்த மனிதர் அவர்.

அந்தக் காலத்தில் ஒரு பேஸ் வரியைக் காசெட்டிலிருந்து பிடிப்பது எவ்வளவு பெரிய பாடு! பேஸின் தடித்த கம்பி எழுப்பும் ஒலி 41 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தரவே முடியாது. அதற்கு மேலே எழும் துணை ஒலிகளை மட்டும்தான் அது தரும். அவற்றைக் கேட்டு, அடியில் இருக்கவேண்டிய ஒலியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். டீக்கடை ரேடியோவில் நீங்கள் கேட்டதாக நினைத்த பேஸில் பாதி உங்கள் தலைக்குள் உண்டானது. ஸ்பீக்கர் பெட்டியில் காதை ஒட்டிவைத்து, ரீவைண்டு செய்து செய்து டேப்பே தேய்ந்துபோகும். இரட்டை டெக் வந்த பிறகு சிலர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். இரட்டை வேகத்தில் பிரதியெடுக்கும் ஹை ஸ்பீடு டப்பிங்கில் போட்டால் பாடகர் குரல் கீச்சுக்கீச்சென்று ஆகும், ஆனால் பேஸ் ஒரு ஸ்தாயி மேலே ஏறித் தெளிவாகக் கேட்கும். குறித்துக்கொண்டு, பிறகு கீழே வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் குழுவில் யாராவது செய்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கு ஒரு பாட்டிலிருந்து பேஸை மட்டும் தனியே பிரித்துத் தரும் செயலி போனிலேயே இருக்கிறது. பிரிப்பு எல்லாப் பாட்டிலும் சுத்தமாக இருக்காது, இருந்தாலும் போதும். ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக நீங்கள் ஆறு வருடம் மேடையில் வாசித்த பாடல்களை அப்படிப் பிரித்துக் கேளுங்கள். ஊகித்து வாசித்த இடமெல்லாம் இப்போது வெளிச்சத்துக்கு வரும். மூன்று பேருக்கும் மாதக்கணக்கில் பேச விஷயம் கிடைக்கும்.

இன்னொரு நல்ல செய்தி. வயதாக ஆக, காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. சிம்பலின் ஓரம், புல்லாங்குழலின் மேல் ஸ்தாயி, பேச்சில் 'ஸ' போன்ற ஒலிகள், இவைதான் மங்கும். கீழ் ஒலிகள் பெரும்பாலும் தங்கிவிடும். அறுபதுக்கு மேல் ஒருவர் எடுக்க இதைவிடப் பொருத்தமான கருவி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மூடிய அறையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

விரல் விஷயம். முதலில் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காலை விறைப்புக்குக் காரணம் தெரியாமல் கம்பியை அழுத்தக் கூடாது. அவர் சரி என்றால், வாங்குகிற பேஸை யோசித்து வாங்குங்கள். லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் முதல் இன்றுவரை வழக்கமான பேஸில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். முதல் நாலு கட்டைகளுக்குள் (ஃபிரெட்) கை அகலமாக விரியவேண்டும். 30 அங்குலத்தில் 'ஷார்ட் ஸ்கேல்' என்று ஒன்று கிடைக்கிறது. கட்டைகள் நெருக்கம், கம்பியின் இழுப்பும் குறைவு. குழந்தைகளுக்கானது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் பேஸ் அந்த அளவுதான். கம்பியும் வழவழப்பான ஃபிளாட்வௌண்ட் போடுங்கள். விரல் நுனிக்கு இதம், வருடக்கணக்கில் உழைக்கும். ஜேமர்சன் அறுந்தால் ஒழியக் கம்பி மாற்ற மாட்டார் என்பார்கள். இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்தே அழுத்துங்கள். டபுள் பேஸ் வாசிப்பவர்களின் பழைய முறை அது, பலவீனமான விரலுக்குத் துணை கிடைக்கும். உட்கார்ந்தே வாசியுங்கள். நாலு கிலோ எடையை ஒரு தோளில் தொங்கவிட்டு நிற்கத் தேவையில்லை.

ஃபெண்டர் வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கையில் பிடித்தபோது மனம் துள்ளினால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் முதல் வருடத்துக்கு யமஹாவோ ஐபனேஸோ ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்க்வையரோ போதும். நீங்கள் எண்பதுகளில் வாசித்த பேஸைவிட இவை எல்லாம் மேல். மவுண்ட் ரோட்டில் மியூஸீ மியூசிகலுக்குப் போய் நாலைந்தை மடியில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் மறுநாள் போங்கள். சாதாரண கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் பேஸைச் செருகிச் சத்தம் கூட்டாதீர்கள், ஸ்பீக்கர் கிழியும். வீட்டில் பழக ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று இருந்தால் அக்கம்பக்கத்துக்கும் தொல்லை இல்லை.

மாடி அறையை இப்போது கட்டவே வேண்டாம். செட்டில்மெண்ட் பணம் உங்கள் இருவரின் மருத்துவத்துக்கும் முதுமைக்கும் உள்ளது. வாரம் இரண்டு மணி நேரம் வாடகைக்கு விடும் ரிகர்சல் அறைகள் சென்னையில் உண்டு. டிரம்ஸ், ஆம்ப் எல்லாம் அங்கேயே இருக்கும்.

விற்ற பேஸ் பற்றிக் கேட்டீர்கள். மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய அந்த ஹாஃப்னர் 1972-ல் திருடுபோனது. ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது. 2024 டிசம்பரில், 82 வயதில், லண்டன் மேடையில் அதை எடுத்து வாசித்தார். அதற்கு ஒரு கூட்டமே உலகம் முழுக்கத் தேடவேண்டியிருந்தது. உங்களுடையது தங்கையின் கல்யாணத்துக்குப் போன பேஸ். நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அதைத் தேடும் நேரத்தில் அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். உங்கள் கடிதத்தில் பாடகர்கூட இல்லை, டிரம்மர் இல்லை, மூன்று பேஸ்காரர்கள் மட்டும் இருக்கிறீர்கள் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேஸும் டிரம்ஸும் தோளோடு தோள் நின்று வாசித்தவை. ஆறு வருடம் அவர் காலால் அடித்த கிக் டிரம்மோடுதான் உங்கள் விரல் விழுந்திருக்கும்.

பில் வைமனைப் பற்றியும் சொல்லவேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் முப்பது வருடம் பேஸ் வாசித்துவிட்டு, ஐம்பத்தாறு வயதில் விலகினார். விமானப் பயணமே அவருக்குப் பிடிக்காது. சில வருடம் கழித்து என்ன செய்தார் தெரியுமா? நண்பர்களைச் சேர்த்து ரிதம் கிங்ஸ் என்று ஒரு குழு தொடங்கி, தனக்குப் பிடித்த பழைய பாட்டுகளைச் சின்ன அரங்குகளில் வாசிக்க ஆரம்பித்தார். ஸ்டேடியம் நிறைய ஆளைப் பார்த்த மனிதர் ஓய்வுக்காலத்துக்கு என்று தேடிக்கொண்டது கூட வாசிக்கும் ஆட்களைத்தான்.

உங்கள் மூவரில் இரண்டு பேர் கார்டு பிடிக்கும் ரிதம் கிட்டாருக்கு மாறலாம். கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளும் பேஸின் நாலு கம்பிகளும் ஒரே சுரம், ஒரு ஸ்தாயிதான் வித்தியாசம். கார்டின் அடிச்சுரம் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்கே தெரியும், மிச்சத்தை ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம். பாட்டுக்குப் பாட்டு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். கோவை நண்பர் மாதம் ஒருமுறை இன்டர்சிட்டியில் வரட்டும், கடையை ஒருநாள் யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஆவடிக்காரருக்குப் பேரன் பள்ளியில் இருக்கும் நேரம் முழுக்கக் காலி. ரிகர்சலை வார நாளில் பகலில் வையுங்கள். வாடகையும் பேசிக் குறைக்கலாம். பாடுவதற்கு உங்கள் பழைய குழுவில் யாரும் கிடைக்காவிட்டால் தெருவில் விசாரியுங்கள். பெரம்பூரில் பாடத் தெரிந்தவருக்கா பஞ்சம்?

ஜூன் வரை காத்திருக்காமல் டிரம்மரை இந்த வாரமே தேடத் தொடங்குங்கள். கிடைத்ததும் எழுதுங்கள். முதலில் எந்தப் பாட்டை எடுத்தீர்கள் என்பதையும், அதில் யார் பேஸ் வாசித்தார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்.