கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன்: முந்தைய பாகங்களை ஆடாதவர் ரெசிடென்ட் ஈவில் 7 என்ற திகில் வீடியோ கேமை வாங்கலாமா? அது நல்ல தொடர்ச்சிதானா?

தாராளமாக வாங்கலாம். ஈத்தன் வின்டர்ஸ் என்ற புதிய ஆள், காணாமல்போன மனைவியைத் தேடி அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் நுழைகிறான். பழைய கதை தெரியாவிட்டால் குடிமுழுகிப் போகாது.

தொடர்ச்சியை எடைபோட நான் பார்ப்பது கிராபிக்ஸை அல்ல, பற்றாக்குறையை: கையிருப்பு குறைந்தால்தான் பயம் வரும். 2012இல் வந்த ஆறாம் பாகத்தில் அடிதடி பெருத்து, பயம் காணாமல்போயிற்று. 2017இல் வந்த ஏழாம் பாகம் எல்லாவற்றையும் நாயகனின் கண்வழியே காட்டியது. ஆனால் 1996இன் முதல் ஆட்டத்தின் அடிப்படை அமைப்பைக் கைவிடவில்லை. பூட்டிய கதவுகள், எண்ணிச் சுட வேண்டிய தோட்டாக்கள், எப்போதும் இடம் போதாத பை. ஓர் அறையில் சிலையின் கையில் ஷாட்கன் இருக்கும். எடுத்தால் கதவு அடைத்துக்கொள்ளும். அதன் இடத்தில் உடைந்த துப்பாக்கியை வைத்தால்தான் ஷாட்கனோடு வெளியேறலாம். முதல் ஆட்டத்தின் புதிருக்கு இது பேரன்!

ஆட்டத்தின் பிற்பாதியில் வரும் கப்பல் பகுதி மட்டும் இழுவை.

நீங்களும் என்னைப் போலக் கோத்தகிரி என்கிறீர்கள். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. யுபிஎஸ் இல்லாமல் ‘மேட்ஹவுஸ்’ என்ற கடினநிலையைத் தொடாதீர்கள். அதில் ஒவ்வொரு முறை சேமிக்கவும் ஆட்டத்துக்குள் தேடி எடுத்த ஒரு கேசட் செலவாகும், தானாகச் சேமிப்பதும் குறைவு. சாதாரண நிலையே போதும். 2021இல் வந்த அடுத்த பாகமான வில்லேஜ் இதே ஈத்தனின் கதை. அதைப் பிறகு ஆடுங்கள்.